போட்டோவுக்கு எந்த நிறம்

என்னங்க,

விழுப்புரம் வரை போய் வருகிறேன். அடுப்படியில் கேப்பைக் களியும் கீரையும் இருக்கிறது. ராத்திரிதான் கோபத்தில் சாப்பிடவில்லை, இப்போதாவது சாப்பிடுங்கள்.

பிள்ளை சகாய பிரவீன் நாளைக்குத் துபாய்க்குக் கிளம்புவதால்தான் இன்றைக்கே குடும்பப் போட்டோ. எல்லோரும் நீலம் போடணும் என்று சொன்னதும் அவன்தான். நீங்கள், "வேளாங்கண்ணிக்கு மாலை போட்டுக்கினு வேற கலரா? காவித் துணியக் கழட்ட மாட்டேன்" என்றீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு மணி நேரம் கழட்டி வெச்சா மாதா கோவிச்சிக்குவாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

காலையிலிருந்து பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறேன். நீலப் புடவை, பச்சை, மறுபடியும் நீலம். எதை எடுத்தாலும் உங்கள் காவிக்குப் பக்கத்தில் ஒட்டவில்லை.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போகும்முன் வந்துவிடுவேன். சாவியை இந்தச் சீட்டோடு பக்கத்து வீட்டு வேணியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ராணி

நீலச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டாம் என்று பிரவீனிடம் சொல்லுங்கள்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன். இங்கே திண்டிவனத்தில் நல்ல காவிப் புடவை கிடைக்காது, அதற்குத்தான் போகிறேன். அவனுக்கும் ஒரு காவிச் சட்டை எடுப்பேன். என் ஆபரேஷனுக்காக நீங்கள் வேண்டிக்கொண்டு போட்ட மாலை அது. உங்கள் பக்கத்தில் நான் நீலத்தில் நின்றால் நல்லாவா இருக்கும்?