எல்லா ஒயரும் சிவப்பு, மச்சான்

என் அருமை மச்சானுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் கரண்டுத் தொல்லை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே உங்கள் படகில் இருக்கிறது.

போன மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து, காருக்கு ஸ்டீரியோ பொருத்துகிற ஒருவரை அழைத்து வந்தேன். கோரையாற்றில் கட்டிக்கிடக்கும் உங்கள் பழைய மோட்டார் படகில் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பலகையைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது யாரு சார் பண்ணுனது?"

"எங்க மச்சான்."

"அப்ப அவரையே கூப்பிடுங்க சார்."

நல்ல யோசனைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பதெல்லாம் சிவப்பு. பேட்டரிக்குப் போவது சிவப்பு, பேட்டரியிலிருந்து வருவது சிவப்பு. ஹாரன், விளக்கு, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு, வரப்போகும் ஸ்டீரியோவுக்கென்று முன்கூட்டியே இழுத்து வைத்தது, அனைத்தும் ஒரே சிவப்பு. வளைகுடாவில் பாதி ஆயுளைப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்கு ஒயரிங் செய்து கழித்தவர் நீங்கள். அங்கே கலர் மாறினால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று சொல்வீர்கள். ஊர் திரும்பும்போது மிச்சமான சிவப்புச் சுருளைக் கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

நான் அப்போதே கேட்டேன். "கலரு எதுக்கு மாப்ள? நான்தானே தொறக்கப் போறேன்?" என்றீர்கள். நான் கொஞ்சம் படித்தவன் என்று ஊரில் பேச்சு உண்டு. இருந்தும் அதில் இருந்த பிழை அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

பலகையின் நான்கு திருகாணிகளில் மூன்றை முடுக்கிவிட்டு மதியத் தொழுகைக்கு, லுஹருக்கு, போனீர்கள். பள்ளிவாசல் படியிலேயே சாய்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. நான்காவது திருகாணி உங்கள் சட்டைப் பையில் இருந்தது. என் உடன்பிறந்த லாத்தா அதை என்னிடம் தந்தார். உங்களுக்காக வாசல் தாண்டாமல் இத்தா இருக்கத் தொடங்கிச் சில வாரம் கழித்துச் சொன்னார்.

"இத்தா முடிஞ்சு வாசல் தாண்டுற அன்னைக்கு மொத வேலையா அந்தப் படகுலதான் ஏறுவேன். அதுல ஸ்டீரியோ பாடணும்."

"வெறும் படகுல போயிட்டு வரலாமே லாத்தா?"

"பாட்டு ரெடியாகட்டும், அப்புறம் ஏறுன்னு சொல்லிட்டாருல்ல. அவர் ஒண்ணுதான் சொன்னார். அதையாச்சும் செஞ்சு குடு."

என் அக்கா என்னிடம் எதையும் கேட்டவரல்ல. வீட்டில் ஏதாவது வேண்டுமென்றால் உங்களைத்தான் கேட்பார், அதுவும் போனில். பியூஸ் போனால் உங்களுக்கு ஒரு போன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மேலேருந்து மூணாவது" என்பீர்கள், இங்கே வெளிச்சம் வரும். மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் அப்படியே. இப்படியே பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாடி எழும்பியது. எது மூன்றாவது, ஏன் மூன்றாவது என்று எங்களில் ஒருவரும் தெரிந்துகொள்ளவில்லை. உங்களுக்கு நம்பர் இருக்கும்போது எங்களுக்கு அறிவு எதற்கு?

திருத்துறைப்பூண்டிக்காரர் போன பிறகு நானும் படகோட்டி செல்வமும் உட்கார்ந்தோம். ஒரு சிவப்பைத் தொட்டோம், ஹாரன் அலறியது. இன்னொன்றைத் தொட்டோம், பம்பு ஓடியது. மூன்றாவதற்குப் புகை வந்தது.

"ஹாரனே போதும்ங்க," என்றான் செல்வம். "அதுவும் சத்தந்தானே?"

"லாத்தாகிட்ட நீ போய்ச் சொல்லு."

"எனக்கு உங்க மச்சான் பாய் மாதிரி தைரியம் இல்லங்க."

கடைசியில் நான் வாங்கிவந்த ஸ்டீரியோ பாடியது, இரண்டு நிபந்தனைகளோடு. பாட்டைப் போட்டால் பம்பும் சேர்ந்து ஓடும். இன்ஜினைப் போட்டால் பாட்டுக்குள் ஒரு குளவி புகுந்து கத்தும். இன்ஜின் வேகமெடுத்தால் குளவியும் சுருதி ஏறும். இதற்கு மேல் எங்களால் ஆகவில்லை. அதற்குள் இத்தா முடிந்துவிட்டது.

லாத்தா வெள்ளைத் துப்பட்டியோடு வந்து, செல்வத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு படகில் இறங்கினார். அலையாத்திக்காடு நெருங்கும்வரை பாட்டைப் போடவில்லை. அங்கே இன்ஜினை நிறுத்திவிட்டு உங்கள் பென் டிரைவைச் செருகினேன். பாடியது, மச்சான். சுத்தமாகப் பாடியது. நீங்கள் மெத்தனமாக அறுத்து வைத்த ஓட்டையில் ஸ்டீரியோ கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். லாத்தா தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலைந்து பாட்டு போனபின் பாடகரின் குரல் தடித்து, இழுத்து, நின்றது. பம்பும் நின்றது. செல்வம் சாவியைத் திருப்பினான். டிக் என்றது. மறுபடி டிக்.

சுற்றிலும் மரமும் சேறும். வேறு படகு எதுவும் கண்ணில் படவில்லை. செல்வம் மடியிலிருந்து போனை எடுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாருக்கோ அடித்தான். இன்ஜின் மக்கர் பண்ணும்போதெல்லாம் செய்கிற மாதிரி, யோசிக்காமல்.

லாத்தாவின் கைப்பையில் உங்கள் போன் அடித்தது.

செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டீரியோவைப் பார்த்தேன். லாத்தா பையைத் திறந்து போனை எடுத்தார். காதில் வைத்தார்.

"சொல்லு செல்வம்."

இரண்டு முழம் தள்ளி நின்ற செல்வம் போனிலேயே சொன்னான்: "அக்கா... இன்ஜின் ஸ்டார்ட் ஆவலக்கா."

"எல்லாத்தையும் அணைச்சுட்டுச் சும்மா இரு. பேட்டரி கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் ஒரே ஒரு தடவ திருப்பு. அப்படித்தான் சொல்வார்."

"சரிக்கா."

வைத்துவிட்டார். சும்மா இருந்தோம். நீங்கள் சொன்ன சொல் என்பதால் மூன்று பேருமே நம்பினோம். பிறகு செல்வம் ஒரே ஒரு தடவை திருப்பினான். இன்ஜின் ஒரு முறை இருமியது. அதோடு சரி.

கழியால் தள்ளித்தான் கரை சேர்ந்தோம். பாதி வழி என் முறை. இறங்கும்போது லாத்தா சொன்னார், "நிக்கிறப்ப பாடுறது நம்ம வீட்லயே இருக்கு. ஓடுறப்ப பாடணும்னுதான் அவர் சொன்னார்."

எந்தச் சிவப்பு எதற்கு, மச்சான்? குளவியை எங்கே பிடிப்பது? பம்பு ஏன் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது? மேலேருந்து மூணாவது என்றாவது சொல்லுங்கள்.

ஓடுகிற படகில் லாத்தா பாட்டுக் கேட்பார். எப்போது, எப்படி என்று எனக்கே தெரியாததால் வாக்கு மட்டும் தருகிறேன். உங்கள் ஒயர் ஒன்றையும் அறுக்க மாட்டேன். பலகையையும் மூன்று திருகாணியோடுதான் மூடி வைத்திருக்கிறேன். நான்காவது என் சட்டைப் பையில் இருக்கிறது. உங்கள் போனுக்கு லாத்தா தினமும் சார்ஜ் போடுகிறார். அவர் மறக்கிற நாளில் நான் போடுவேன்.

கழி பிடித்துக் கை காய்த்த,
உங்கள் மாப்ள
காதர்