கம்பெனிக்காக ஒரு பொங்கல்

குவைத்
9.1.1955

அன்புள்ள பூரணிக்கு,

நீ கும்புடுற சாமி புண்ணியத்துல உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்ல.

தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில இன்ஜின் ஓட்டினவன் எண்ணெய்க் கிணத்துல என்ன செய்றான்னு உங்க அண்ணன் கேட்டாராமே. சொல்லு: கிணறும் எண்ணெயும் பெரிய கம்பெனியோடது. தோண்டிக் குடுக்கிறது, குழாய் இறக்குறது, பம்பு கெட்டா பிரிச்சு மாட்டுறது, இதெல்லாம் எங்க கம்பெனி. எண்ணெய் அவங்களுக்கு, அழுக்கு எங்களுக்கு.

இப்ப அந்த அழுக்குக்கும் ஆபத்து. பங்குனியோட ஒப்பந்தம் முடியுது. வேற ஒருத்தன் குறைஞ்ச விலைக்குச் செஞ்சு தர்றேன்னு வந்து நிக்கிறான். போன வருஷம் ஆறு கிணத்துல வேலை நடந்துச்சு, இப்ப ரெண்டுதான். எங்க துரை மட்டும் அடுத்த வருஷம் ஓகோன்னு இருக்கும்னு சொல்றாரு. சொல்லும்போது அவரு மூஞ்சியைப் பாக்கணுமே!

மூடினா ஆளுகளை அவங்கவங்க நாட்டுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. கிளார்க்கு வந்து உன் நாடு எதுன்னான். மஸ்கெலியான்னேன். எழுதாமலே போயிட்டான். சிலோன்ல நம்ம பிரஜாவுரிமை மனு பாஸானா கொழும்பு. இல்லாட்டி தாத்தா ஊருன்னு சொல்லி இந்தியாவுல இறக்கி விட்ருவாங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்? பயமா இருக்கு புள்ள.

மீனம்மாவுக்கு முத்தம்.

சோலைமலை


மஸ்கெலியா
30.1.1955

அன்புள்ள மாமாவுக்கு, பூரணி எழுதிக்கொள்வது.

உங்க கடிதாசியில முக்காவாசி கம்பெனி. மகளுக்கு முன்பல்லு விழுந்துச்சே, கேட்டீங்களா? கடைசியில ஒரு முத்தம், அவ்வளவுதான். நல்ல அப்பன்!

கோவிச்சுக்காதீங்க. படிச்சதுல இருந்து எனக்கும் சோறு இறங்கல. மலையில கொழுந்து எது, முத்தல் எதுன்னு பாக்காம எடுத்துப் போட்டு மேல்பார்வை பாக்கிற கண்டாக்குகிட்ட ஏச்சு வாங்கினேன்.

ஒரு காரியம் செஞ்சிருக்கேன். இந்தியாவுல துறையூர் பக்கம் உங்க தாத்தா ஊர்ல இருக்கிற நம்ம குலசாமி கருப்பனுக்குப் பொங்கல் வைக்கச் சொல்லி, பூசாரிக்கு மணியார்டர் அனுப்பிட்டேன். அந்தக் கோயிலை நீங்களும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. ஆனா பெரிய கஷ்டம்னா நம்ம லயத்து வீடுகள்ல எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க. உங்க கம்பெனி பேரைச் சொல்லியே வைக்கச் சொல்லியிருக்கேன். சிரிக்காதீங்க.

மனு விசாரணைக்கு மார்ச் ரெண்டாந் தேதி நுவரெலியாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க இல்லாததால நான் போறேன்.

உங்கள் பூரணி


குவைத்
16.2.1955

பூரணி,

அவசரம். மணியார்டர் விஷயத்தை விசாரணையில மூச்சு விட்ராத. இங்க என்கூட வேலை செய்ற முத்துலிங்கம் ஹட்டன்காரன். அவங்க அப்பா மனுவை இதைச் சொல்லித்தான் தள்ளுனாங்களாம். இந்தியாவுக்குக் காசு அனுப்புறவன் இந்தியாக்காரனாம். அங்க யாரும் இல்ல, எதுவும் அனுப்பலன்னு அடிச்சுச் சொல்லிரு.

உன்னைத் திட்டல. அங்க இருந்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். இந்தக் கடிதாசி நேரத்துக்கு வந்து சேரணுமே, அதுதான் பயம்.

சோலைமலை


குவைத்
4.4.1955

என் தங்கத்துக்கு,

கம்பெனி தப்பிச்சிருச்சு! போட்டிக்கு வந்தவன் பின்வாங்கிட்டான். இன்னும் மூணு வருஷம் எங்களுக்குத்தான் வேலை, புதுசா நாலு கிணறு வேற. துரை எல்லாருக்கும் கைகுடுத்தாரு. உன் கருப்பன் பெரிய ஆளுதான்டி!

லீவு குடுக்கிறாங்க. ஆடி மாசம் வர்றேன். விசாரணை என்னாச்சுன்னு நீ எழுதவே இல்லையே? மகளுக்கு என்ன வேணும்னு கேட்டு எழுது.

சோலைமலை


மஸ்கெலியா
28.4.1955

அன்புள்ள மாமாவுக்கு,

கம்பெனி தப்பிச்சது படிச்சு அழுதுட்டேன். விசாரணைக்குப் பதில் வரட்டும், அப்புறம் எழுதலாம்னு இருந்தேன்.

உங்க அவசரக் கடிதாசி வியாழக்கிழமை வந்துச்சு. விசாரணை புதன்கிழமையே முடிஞ்சுபோச்சு. அந்த ஐயா நல்லாத்தான் பேசினாரு. உக்காரச் சொன்னாரு. இந்தியாவுல யாரு இருக்காங்கன்னாரு. யாருமில்லீங்கன்னேன். யாருமேவா அப்படின்னாரு. எங்க சாமி மட்டும் இருக்குங்கன்னு சொன்னேன். அப்பத்தான் பொங்கல் வச்சு உங்களைக் காப்பாத்தச் சொல்லியிருக்கேன், அந்தச் சாமியைப் போயி இல்லேன்னு சொல்ல வாய் வரல மாமா. சாமிக்கு என்ன செய்வீங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாரு.

நேத்து பதில் வந்துச்சு. மனுவைத் தள்ளிட்டாங்க.

ஆடி மாசம் வராதீங்க. லீவு வேணாம்னு துரைகிட்ட சொல்லிருங்க. இனி கொழும்புல உங்களை இறங்க விடமாட்டாங்களாம். நான் கொழுந்து எடுக்கிற வரைக்கும் லயத்துல இருந்துக்கலாம்னு கண்டாக்கு சொல்றாரு. எத்தனை நாளைக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு.

கம்பெனியைப் பத்தியே எழுதுறீங்கன்னு அன்னைக்குக் கோவிச்சேன்ல. இனிமே அதையே எழுதுங்க. எத்தனை கிணத்துல வேலை நடக்குது, மூணு வருஷத்துக்கு அப்புறம் என்ன சொல்றாங்க, துரை மூஞ்சி எப்படி இருக்கு, எல்லாத்தையும் எழுதுங்க. நீங்க கால் ஊனி நிக்கிறதுக்கு அந்தக் கம்பெனி ஒண்ணுதான் இருக்கு.

மீனம்மாவுக்குப் புதுப் பல்லு முளைச்சிருச்சு. அப்பா வர்றப்ப காட்டணும்னு வாயை மூடியே வச்சிருக்கா.

உங்கள் பூரணி