தூபியடியில் சொன்னது

மே 11, ஞாயிறு

உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரக் குழுவுக்கு இன்று நான்தான் வழிகாட்டி. திருகோணமலை மயானத்தில் மார்கரெட் என்ற முதியவர், தான் பிறக்க முன்னரே இறந்துபோன தகப்பனின் கல்லைக் கண்டுபிடித்தார். அதில் வெட்டியிருந்த பெயரைத் தடவித் தடவி அழுதார்.

பின்னேரம் முல்லைத்தீவுப் பக்கம் வந்தபோது, "உன் அப்பா எங்கே?" என்று கேட்டார். 2009 கடைசிச் சண்டையில், முள்ளிவாய்க்காலில், செத்த அப்பாவை நாங்கள் பதுங்கியிருந்த பங்கருக்குள்ளேயே மண் போட்டு மூடிவிட்டு ஓடினோம், இடம் தெரியாது என்றேன். அங்கே போவோம் என்று, எங்களோடு வந்திருந்த சுற்றுலா நிறுவன முதலாளியைக் கேட்டார்.

முதலாளி என்னிடம் தமிழில் சொன்னார்: "அங்க பாக்க ஒண்டுமில்லை, பிள்ளை. வெற்றித் தூபியடியில இறக்கி, ஆமி எப்பிடி வெண்டதெண்டு சொல்லுங்கோ."

ராணுவம் எழுப்பிய அந்தத் தூபியடியில் எல்லோரும் படமெடுத்தார்கள். "இதற்குக் கிட்டத்தான் என் அப்பா செத்தார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாங்குளத்தில் என்னை வீட்டடியில் இறக்கிவிட்டபோது முதலாளி, "நாளைக்கு வரவேண்டாம். அரசியல் கதைக்கிற ஆக்கள் எங்களுக்குச் சரிவராது" என்றார்.

என் அப்பா செத்தது அரசியலாம்.

"நாளைக்கும் வெள்ளனப் போகவேணுமோ?" என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன். முன்னறையில் என் சேலையை அயன் பண்ணிக்கொண்டு நிற்கிறார்.