அது நம்முடையதுதான்

அபிராமபுரம்,
மார்ச் 16

அன்புள்ள ஸஹானாவுக்கு,

அப்பா எழுதுவது. அநேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே உன் பிறந்த வீட்டில் அப்பா, அம்மா சௌக்கியம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரம் கபாலி கோயிலில் கொடியேற்றம், மாட வீதியில் இப்போதே ஆட்டோ நுழைய முடியவில்லை. என் முழங்கால் வலி பரவாயில்லை.

நேற்று நீ போன் செய்து சனிக்கிழமைக் கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டாய். தள்ளிப்போய்விட்டது என்றேன். அது பொய். கூட்டம் நடந்தது. உன் சார்பிலும் நானே போகலாம் என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால், உனக்குச் சொல்ல வேண்டியதையும் என்னிடமே சொன்னார்கள். வெள்ளிக்கிழமை செய்தியில் வருமாம். அதற்கு முன் உனக்கு என் மூலம் தெரிய வேண்டும் என்றுதான் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி அம்மா.

போன ஆடி மாதம் மடகாஸ்கர் கடற்கரையில் ஒதுங்கிய துண்டு, நம் பிரணவ் ஏறிப்போய்க் காணாமல் போன விமானத்தினுடையதுதான். உள்பக்கத்தில் ஒரு நம்பர் இருந்திருக்கிறது. விமானம் செய்த கம்பெனியின் பதிவோடு அது ஒத்துப்போகிறது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

இதைவிடக் கஷ்டமானது இன்னொன்று இருக்கிறது.

எனக்கு இது எட்டு மாதமாகத் தெரியும்.

ஆடியில் அந்தப் போட்டோவை எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பினார்கள் அல்லவா? மணலில் கிடந்த பலகை, ஒரு பக்கம் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. நான் மீனம்பாக்கத்தில் முப்பத்தோரு வருஷம் விமான ரிப்பேர் வேலை பார்த்தவன். இறக்கையின் பின்பக்கம், தரையிறங்கும்போது விரிந்து கொடுக்குமே, அந்த மடலின் ஒரு துண்டு அது. விளிம்பில் திருகாணி போன வரிசையைப் பார்த்தேன். உடைந்த இடத்தில் தேன்கூடு மாதிரி அடுக்குத் தெரிந்தது. அதே மடலை எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த ரகத்தில் அந்தக் கடலில் காணாமல் போனது ஒரே ஒரு விமானம்தான்.

அம்மா காபி டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "நம்பளோடதா?" என்று கேட்டாள். இல்லை, ஏதோ படகின் ஃபைபர் பலகை என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக்கு மட்டும் சொன்ன பொய் அது. மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் ஸ்ருதிப் பெட்டியைத் துடைத்து வைத்து ஸ்ருதி போட்டாள். இரண்டு வருஷமாகப் பாட்டு வகுப்பை நிறுத்திவைத்திருந்தவள், எதிர் ஆத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள். எனக்கு வாய் வரவில்லை.

அதே வாரம் நீயும் கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ போனிலேயே அழுதாய். அழுதுகொண்டே, "அப்பா, நீங்க சொன்னா போறும், வேற யார் சொல்றதும் எனக்கு வேண்டாம்" என்றாய். அடுத்த மாதம் டப்ளின் பல்கலைக்கழக வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டதாக உன் அப்பா முத்துகிருஷ்ணன் சொன்னார். பிரணவ் திரும்பி வரும்போது நீ இங்கே இருக்க வேண்டுமாம். நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று அவர் என்னிடம் கெஞ்சினார். அவரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்காகச் சொன்ன பொய் என்றுதான் இத்தனை நாளும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அது உன் வேலையையும் எட்டு மாதத்தையும் தின்றுவிட்டது.

கூட்டம் தி. நகரில் ஒரு ஹோட்டலில். பாண்டி பஜார் பக்கம் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் ஷரீஃப் பாயை உனக்கு நினைவிருக்கும். அவர் பெண் சிம்ரா அதே விமானத்தில் போனவள். பாய் நோன்பு வைத்திருந்தார். அதிகாரி எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்து முடித்ததும் எழுந்து என்னைப் பார்த்தார். "சார், அந்தப் பேப்பர் எனக்குப் புரியல. நீங்க அந்த வேலைல இருந்தவரு. நீங்க சொல்லுங்க, அதுதானா?" என்று கேட்டார்.

அதுதான் பாய் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. போட்டோ வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்தார். "எட்டு மாசமா அவளத் திருப்பிக் குடுன்னு துவா கேட்டுக்கினு கீறேன் சார். இறந்து போனவங்களுக்குக் கேக்கற துவா வேற. அத ஒருநாள் கூட நான் என் பொண்ணுக்குக் கேக்கலியே" என்றார்.

பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. அங்கிருந்து வீடுவரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் உன் ஞாபகம்தான். நீ சனிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். எல்லாவற்றையும். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், குழாயை மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன். முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான்: "ஸஹானாகிட்ட சொல்லிட்டேளா?" இல்லை என்றேன். "முதல்ல அவகிட்ட சொல்லுங்கோ. நான் பெத்தவ, சாகற வரைக்கும் காத்துண்டு இருப்பேன். அவ இருக்கப்படாது" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நேற்று உன் போன் வந்தபோது பக்கத்திலேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியும் எனக்குத் தைரியம் வரவில்லை.

வைதீகம் செய்துவைக்கும் வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்தேன். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்வார்களாம். அதை நான் செய்கிறேன். பிள்ளைக்கு அப்பன் செய்யும்படி ஆகிவிட்டது. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உன் நெற்றியிலும் கையிலும் கழுத்திலும் இருப்பதை யாரும் தொடக்கூடாது, சாஸ்திரம் என்று எவர் சொன்னாலும் கேட்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள்.

டப்ளினுக்கு மறுபடி எழுதிப் பார். அங்கே இடமில்லை என்றால் வேறு எங்காவது. ஊர் எதுவானாலும் சரி, யாரோடு இருந்தாலும் சரி, நீ நன்றாக இருக்க வேண்டும். அப்போதும் இந்த ஆத்துப் பெண்தான் நீ.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். அது ஆறும்வரை என்னோடு பேச வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு மட்டும் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அவள்தான் எடுப்பாள்.

உன் நலத்தையே வேண்டும்,
அப்பா