உப்பளத்தில் எடுத்த முகம்

பாலாவி
06.08.2023

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் தொடங்கினால் புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். போட்டோ வகுப்பு முடிந்தது. இங்கே கல்யாண வீடுகளில் பெண்கள் ஆண் போட்டோக்காரருக்கு முகம் காட்டுவதில்லை. அவர்களை நான் எடுக்கப்போகிறேன்.

முதலில் உங்கள் உம்மாவைத்தான் எடுத்தேன். உச்சி வெயிலில் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினேன். படத்தில் கண் இரண்டும் கறுத்த குழி! "என்ன புள்ள இது, செத்த மையத்தப் போல எடுத்து வெச்சிரிக்கிறாய்?" என்று மாமி எழும்பிப் போய்விட்டார். ஊரெல்லாம் இதைத்தான் கதைத்துச் சிரிக்கிறார்கள். நான் அழுதேவிட்டேன்.

உங்கள்
ஸும்ரா

தோஹா
20.08.2023

அன்பு ஸும்ரா, வஅலைக்கும் ஸலாம்.

உம்மா எல்லாம் சொன்னா. கோபிக்காதே. ஒக்டோபரில் லீவில் வந்ததும் கெமராவை விற்றுவிட்டுத் தையல் மெசின் எடுப்போம். உனக்கு இந்த வேலை வரும் என்றால், நல்லதாக எடுத்த ஒரு முகத்தை அனுப்பு. ஒன்று போதும், நான் வாயே திறக்கமாட்டேன்.

றிப்னாஸ்

பாலாவி
14.09.2023

மச்சான், ஸலாம். எனக்கு வந்துவிட்டது! அல்ஹம்துலில்லாஹ், வந்தேவிட்டது!

அஸர் தொழுதுவிட்டு, வெயில் சாயும் நேரம் மாமிக்குத் தேத்தண்ணி கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அங்கே மாமியோடு வேலை செய்யும் மர்ளியா உப்புக் குவியலைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். குவியலில் பட்ட வெயில் திரும்பி அவள் முகத்தில் விழுந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டு நிழல் இல்லை. வகுப்பில் முகத்துக்கு வெளிச்சம் திருப்ப வெள்ளைத் துணி பிடிக்கச் சொல்லித் தந்தார்கள். இங்கே வெள்ளை மலையாகக் கிடக்க, நான் துணிக்கு அலைந்திருக்கிறேன், விசரி!

மறுநாள் மர்ளியாவை அங்கேயே எடுத்தேன். பார்த்துவிட்டு அவளுடைய தங்கச்சி வந்தாள். இதுவரை பதினொரு பெண்கள். அடுத்த மாதம் ஒரு கல்யாணம்.

ஆனால் நீங்கள் கேட்ட படத்தை அனுப்பமாட்டேன். என்னை நம்பி முக்காட்டை விலக்கியவர்கள். அந்த முகங்கள் என்னிடம் ஒப்படைத்த அமானிதம், என் புருஷனுக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லித்தான் எடுத்தேன். அதற்காகக் கெமரா போகுமென்றால் போகட்டும். வாக்கு மாறமாட்டேன்.

ஸும்ரா

தோஹா
29.09.2023

என் அன்பு ஸும்ரா, ஸலாம்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. பெரிய பிடிவாதக்காரி என்று திட்டினேன்.

இன்று நம் ஊர் நுஸ்கி லீவு முடிந்து வந்து, உம்மா கொடுத்தனுப்பிய ஒட்டிய கவரைத் தந்தான். உள்ளே உம்மாவின் படம். உப்பளத்தில் இருந்தபடி, வாயெல்லாம் பல்லாக. பின்பக்கம் மர்ளியாவைக் கொண்டு எழுதுவித்திருக்கிறா: "மருமகள் ஆரையும் காட்டமாட்டாள், அவள் செய்யிறது சரி. மகனுக்கு உம்மாட முகத்தக் காட்டுறத ஆரும் தடுக்க ஏலாது. நானேதான் போய் இருந்து எடுப்பிச்சன்."

வாப்பா மௌத்தானதிலிருந்து உம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. கட்டிலில் இருந்து அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். என் பொண்டாட்டி எடுத்தது என்று அறையில் இருக்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். படத்தை மட்டும் ஒருவருக்கும் காட்டவில்லை.

மெசின் கதையை இத்தோடு விட்டேன். வந்து இறங்கியதும் தலைமுடி வெட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வருகிறேன். என்னையும் எடு. உன்னிடம் வந்திருக்கும் பெண்கள் எல்லாரும் போகட்டும், நான் ரோட்டிலேயே நிற்கிறேன். பிறகு கூப்பிடு.

உன்
றிப்னாஸ்