இடித்த மாதிரி இருந்தது

மார்ச் 4
காலையில் பெட்டியைத் திறந்தோம். பெட்டி என்றால் பெட்டி இல்லை. மூன்று வருஷமாக எங்கள் முடிவை எங்கள் கண்ணிலிருந்தே மறைத்து வைத்திருந்த கணினிப் பூட்டு. ஆசைப்பட்ட விடைக்குக் கணக்கை வளைத்துவிடக் கூடாதாம். என்னை மாதிரி ஆட்களுக்காகவே செய்த ஏற்பாடு.

பிரபஞ்சத்தின் ஆதி ஒளியில் நுணுக்கமான புள்ளிகள் எல்லாம் எதிர்பார்த்ததைவிட மங்கல்! கண்ணுக்கே தெரியாத கரும்பொருள் அந்தக் காலத்தில் புரோட்டான்களை இடித்திருந்தால் இப்படித்தான் இருக்கும். இதுவரை யாருமே பார்க்காத இடி. குழுத்தலைவி சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 5
வெளியே மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. மனைவியிடம் மட்டும் சொன்னேன். மச்சினனிடமும். "டிவியில வருவீங்களா மாமா? தலைக்கு டை அடிச்சுட்டுப் போங்க" என்றான்.

மார்ச் 9
டை வாங்கினேன்.

மார்ச் 11
கணக்கில் ஒரு தப்பு. எங்கள் தொலைநோக்கியின் பார்வையே கொஞ்சம் மங்கல்தான். எவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரு கோளைப் பார்த்து அளந்து, அதை ஒதுக்கினால்தான் வானத்தின் மங்கல் தெரியும். போன வருஷம் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்கள், மங்கல் கூடியிருக்கிறது. நான் போட்டதோ பழைய அளவு! நான்தான். வேற எவன் செய்வான்?

இதை யாரும் தேடப் போவதில்லை. இப்படி ஒரு மடத்தனம் சாத்தியம் என்றே மற்றவர்களுக்குத் தோன்றாது. பேசாமல் இருந்துவிட்டால் — சீ.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். பதினாறு பேர் முன்னால். தலைவி பழைய அளவையும் புதிய அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நீங்களே வந்து சொன்னீங்களே, அது போதும். திருத்தி மறுபடி ஓட்டுங்க."

வீட்டில்:
"ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே!"
"உன் தம்பிகிட்ட மட்டும்தானே சொன்னேன்?"
"அதைத்தான் சொல்றேன்."

ஏப்ரல் 2
இடி போச்சு. கரும்பொருள் இடித்திருந்தாலும் இவ்வளவுக்கு மேல் இடிக்கவில்லை என்று எல்லை போட்டோம். முன்பு மற்றவர்கள் போட்டதைவிட நாலு மடங்கு இறுக்கம். ஒன்றுமில்லை என்பதை இத்தனை துல்லியமாக எவனும் சொன்னதில்லையாக்கும்!

ஜூன் 20
பத்து வருஷமாக அந்த இடியை நம்பிக் கோட்பாடு கட்டிய பேராசிரியை ஒருவர் எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார். "என் கோட்பாட்டைச் சாய்த்துவிட்டீர்கள். ஓட்டை இருக்காதா என்று மூன்று வாரம் குடைந்தேன், மங்கல் கணக்கு உட்பட. இல்லை. நாசமாய்ப் போங்கள். வாழ்த்துகள்."

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து படிங்க."