படுக்கையறைப் பரண் விஷயமாக

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் சித்தி சுகம், போன மாதம் நான் ஒற்றைக் கையால் தூக்கி மாட்டிய தண்ணீர் மோட்டாரும் சுகம். (ஒரு பக்கம் தான் பிடித்ததாக உன் சித்தி சொல்வாள், நம்பாதே.) அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் எங்களைவிட இரண்டு மடங்கு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்கிறாய், நான் அதற்குப் பதில் சொல்லப் போய் வேறு கதையில் இறங்கிவிடுகிறேன், சொல்ல வந்தது வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. இது உட்கார்ந்து எழுத வேண்டிய சங்கதி. எனக்கே தலை எது வால் எது என்று புரியவில்லை, எழுதினாலாவது புரிகிறதா பார்க்கிறேன்.

கீழ் வீட்டுக்கு இந்த மாதக் கடைசிக்குள் வாடகைக்கு ஆள் வராவிட்டால் வீட்டையே விற்றுவிடலாம் சித்தப்பா என்று நீ சொன்னாயே, அன்றைக்கு நான் சிரித்தேன். ஒரு வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்றேன். உன் சித்தி மட்டும், வித்தா இந்த மாடி ரூமும் சேந்துதானே போகும், அப்ப நாம எங்க போறது என்று கேட்டாள். நான் இருக்கும்போது அந்தப் பேச்சே எதற்கு என்று அதட்டினேன். அப்புறம் இருபது நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. ஏழு பார்ட்டி வந்தார்கள். ஏழு பேருக்கும் நானே வீட்டைக் காட்டினேன், என்னைப்போல் ஒரு வீட்டைக் காட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும். சமையலறைச் சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் வெடித்ததையும் நான் தனியாளாக ஒரே பகலில் அதை மூடியதையும் சொன்னேன், குளியலறைக் குழாய் மூன்று தடவை உடைந்து மூன்று தடவையும் பிளம்பரைக் கூப்பிடாமல் நானே முடித்ததைச் சொன்னேன், சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து ஹாலுக்கு வந்தபோது எண்பது பக்கெட் இறைத்துக் கொட்டியதைச் சொன்னேன், அலமாரியில் கரையானோடு ஆறு மாதம் யுத்தம் செய்து ஜெயித்ததையும் விடவில்லை. எல்லாரும் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். போகும்போது கலந்து பேசிட்டு சொல்றோம் சார் என்பார்கள், அதோடு சரி, போனை எடுப்பதில்லை. அப்படி என்னதான் கலந்து பேசுகிறார்கள்? ஒரு அம்மா, இந்த வீட்ல ஒடையாதது ஏதாவது இருக்கா சார் என்று கேட்டாள். நான் இருக்கேனேம்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நம் புரோக்கர் இருக்கிறாரே, மழையோ வெயிலோ குடையைக் கீழே வைக்காத மனுஷன், அதனால் தெருவே அவரைக் குடைக்காரர் என்றுதான் சொல்லும். அவர் போன வெள்ளிக்கிழமை வந்து, எட்டாவது பார்ட்டி வர்றாங்க சார், நீங்க மாடியில இருங்க, நான் கூப்பிட்டா மட்டும் சாவியோட எறங்கி வாங்க, வாயத் தொறந்தீங்க வீடு போச்சு என்றார். நான் வீட்டின் பெருமையைத்தானே சொல்கிறேன் என்றேன். உடனே உன் சித்தி, ஒங்க பெருமையில கரையான் வரைக்கும் வந்துடுது, இந்த ஒரு தடவை சும்மா இருங்களேன் என்றாள். இருவரும் சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்வது, மாடியில் போய் உட்கார்ந்தேன். நீ நம்ப மாட்டாய், கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வந்தவர் லிஃப்ட் மெக்கானிக், மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வீடு பிடித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்குவதாகப் பேச்சு. குடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார், நான் சாவியோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினேன்.

படுக்கையறையில் அந்தப் பெண் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, பாப்பா கட்டிலை இந்தப் பரணுக்குக் கீழ போட்டுடலாங்க, இந்த எடத்துலதான் காத்து வருது என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாடி, இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பரணின் அடியிலிருந்து சோப்புக்கட்டி அளவுக்குக் காரை விழுந்ததும், நான் பழைய கான்கிரீட்டை முழுசாக உடைத்துவிட்டு, கட்டைவிரல் கனத்தில் புதுக் கம்பி கட்டி, யானை ஏறி நின்றாலும் தாங்கும்படி போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அதில் புதுக் கம்பி கிடையாது. உள்ளே பழைய கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது, பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மேலே சிமெண்டைப் பூசி, இரண்டு கோட் வெள்ளை அடித்துவிட்டேன். அடுத்த மாதம் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அந்த யானைக் கதையை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. முழுசாக வரவில்லை. போன தடவை நீ பேத்தியோடு வந்து பத்து நாள் இருந்தபோது, ஹாலில்தான் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது என்று சொல்லி உங்களை ஹாலில் படுக்க வைத்தேனே, கொசு கடிக்கிறது சித்தப்பா என்று நீ சண்டை போட்டும் படுக்கையறைக்கு விடவில்லையே, அது காற்றுக்காக இல்லை.

அங்கே நின்றபோது என் வாயில் வழக்கமாக வரும் கதை ஒன்றுகூட வரவில்லை. அங்க வேண்டாம்மா என்று மட்டும் வந்தது. ஏன் சார் என்றாள். நான் பரணைப் பார்த்தேன், அவள் புருஷன் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் பிடியால் பரணின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் கெட்டியாகக் கேட்டது, நடுவில் காலி டின்னைத் தட்டுவது மாதிரி கேட்டது, என் வெள்ளை ஒரு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார், அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டாள், போய்விட்டார்கள். குடைக்காரர் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துவிட்டு, மறுபடி மடக்கிக்கொண்டு, கை நெறைய சாவியோட வந்து பார்ட்டியை வெரட்டின ஒரே ஆளு நீங்கதான் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் சித்தி விழுந்த வெள்ளையைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போனாள். சாயங்காலம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முப்பத்தஞ்சு வருஷத்துல கதை இல்லாம ஒங்க வாயில இருந்து வந்த மொத வார்த்தை இன்னிக்குத்தான், அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல என்றாள். இது பாராட்டா திட்டா? டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, அதனால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் அந்த மெக்கானிக் தனியாக வந்தார், கையில் ஒரு நோட்டு. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ, ஆறு வீடு பாத்துட்டோம் சார், ஆறு வீட்லயும் ஒரு கொறையும் இல்லைன்னு சொன்னாங்க, வீடுன்னா அப்படி இருக்காது, அந்தப் பரணை இடிச்சு எடுத்துடுங்க, திரும்பக் கட்டவே வேணாம், எடுத்துட்டா நாங்க வர்றோம், இப்ப மத்ததெல்லாம் சொல்லுங்க, ஒண்ணையும் விடாதீங்க என்றார். ஒன்றரை மணி நேரம் காட்டினேன். சுவர், குழாய், கரையான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எண்பது பக்கெட் என்றதும் பேனாவை நிறுத்தி, எம்பதா சார் என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, பன்னிரண்டு இருக்கும் என்றேன். பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். ஏழு பேர் எதைக் கேட்டு ஓடினார்களோ அதையே இவர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். சொல்வதா, சொல்லாமல் இருப்பதா, எதற்கு ஆள் வருவார்கள், எதற்கு ஓடுவார்கள், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

நேற்று கொத்தனார் வந்து பார்த்தார். யார் சார் பூசினது, கேக்குக்கு க்ரீம் தடவுற மாதிரி தடவி வச்சிருக்கான் என்றார். தெரிஞ்ச ஆளுதான் என்றேன். இடித்து, சுவரைச் சரி செய்து முடிக்க அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆகுமாம். அதனால் உன்னிடம் இரண்டு கேட்கிறேன்: பரணை இடிக்கச் சம்மதம் சொல், விற்கும் பேச்சைப் பத்தாம் தேதி வரை தள்ளி வை. அதற்குமேல் உன் இஷ்டம், வீடு உன்னுடையது. பரண்மேல் இருந்த உன் பழைய சூட்கேஸ் இரண்டையும் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டோம், இத்தனை நாள் அந்தக் கனத்தையும் அதன்மேல் வைத்திருந்தேன். படுக்கையறையைப் பூட்டிச் சாவியை உன் சித்தி முந்தானையில் முடிந்துகொண்டாள், என்னிடம் தரமாட்டாளாம்.

கோபம் வந்தால் கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், தலைக்கு மேல் நல்ல கூரையோடு நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பேத்தி படுக்கும் கட்டிலுக்கு மேலே அங்கேயும் பரண் ஏதாவது இருந்தால், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் நடுவில் ஒரு தடவை தட்டிப் பார்.

உன் சித்தப்பா
(கையெழுத்துக்குக் கீழே வழக்கமாகப் போடும் ‘வீட்டு இன்ஜினியர்’ என்பதை இந்தத் தடவை போடவில்லை)